மூன்றாவது படியில் நீலக் கயிறு

ஜூலை 2, புதன்

ஏணியின் மூன்றாவது படியில் கட்டியிருக்கும் கயிறு இன்று நீலமாக இருந்தது. நேற்றுவரை பச்சை.

பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. ஆனால் டைரி என்றால் எதையாவது எழுத வேண்டும். புத்தாண்டுக்கு வாடிக்கையாளர்களுக்குக் கொடுத்து மிஞ்சிய டைரிகளை, ஏப்ரலில் வேலைக்குச் சேர்ந்த எங்களுக்கு ஆளுக்கு ஒன்று கொடுத்தார்கள். மூன்று மாதமாகப் பெட்டியில் கிடந்தது. இன்றுதான் திறந்தேன்.

எங்கள் கடையில் நான்கு மாடி. கீழே சேலை, கடைசி மாடியில் பாத்திரம். நான் பாத்திரத்தில். சுவர் முழுக்கத் தட்டு, தட்டு முழுக்க எவர்சில்வர். மேல்தட்டில் இருப்பதை எடுக்க ஒரு மர ஏணி. அதன் மூன்றாவது படி ஒரு பக்கம் சட்டத்தை விட்டுக் கழன்றுவிட்டது. பாத்திரக் கட்டோடு வரும் நைலான் கயிற்றால் அதைச் சட்டத்தோடு சேர்த்துக் கட்டியிருக்கிறார்கள். கயிறு புதிதாக இருந்ததால் நல்லதாகத்தான் இருக்கும்.

வருகிறவர்களிடம் "வாங்கக்கா, என்ன பாக்கீங்க?" என்று சத்தமாகக் கேட்க வேண்டும். எனக்குச் சத்தம் வராது. இன்று ஒரு அம்மா என்னை ஊமை என்று நினைத்து, குக்கர் வேண்டும் என்பதைக் கையால் காட்டி, விசிலையும் வாயால் அடித்துக் காட்டினார். நானும் தலையாட்டி எடுத்துக் கொடுத்தேன். பில் போடும்போது ஜெபா என்னை "உலகு" என்று கூப்பிட, நான் "என்ன?" என்றுவிட்டேன். அந்த அம்மா முகம் போன போக்கை மறக்க முடியாது.

ஜெபா கடை ஹாஸ்டலில் என் பக்கத்துக் கட்டில்காரி. நாசரேத்துக்காரி. எனக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள்.

ஜூலை 4, வெள்ளி

விழுந்துவிட்டேன். இடது கை. நாளைக்கு எழுதுகிறேன்.

ஜூலை 5, சனி

வலி இல்லை. மாவுக்கட்டு கொஞ்சம் கனம், அவ்வளவுதான்.

நேற்று பதினொரு மணி இருக்கும். கல்யாண வீட்டுக்காரர்கள், மேல்தட்டில் இருக்கும் பெரிய இட்லிக் கொப்பரைதான் வேண்டும் என்றார்கள். கீழே அதே கொப்பரை இருந்தது. மேலே இருப்பது புதுசு என்று எல்லோரும் நினைப்பார்கள். ஏறி எடுத்து, ஒரு கையில் பிடித்தபடி இறங்கினேன். மூன்றாவது படியில் கால் வைத்ததும் படி ஒரு பக்கமாகச் சாய்ந்தது. நான் தரையில். கொப்பரை உருண்டு மிக்சி பகுதி வரைக்கும் போய்விட்டது. பாதிப் பேர் என்னிடம் வந்தார்கள், பாதிப் பேர் கொப்பரை நசுங்கிவிட்டதா என்று பார்க்கப் போனார்கள். நசுங்கவில்லை. அதையே வாங்கிக்கொண்டு போனார்களாம்.

சிவதாணு அண்ணாச்சிதான் எங்கள் மாடிக்கு மேனேஜர். அவரே ஆட்டோ பிடித்து, அவரே கூட ஏறினார். ஆட்டோவில் என் கையைத் தன் தோள்துண்டில் தாங்கிப் பிடித்துக்கொண்டே சொன்னார்.

"ஏம்மா உலகு, டாக்டர் கேட்டா, காலைல ஹாஸ்டல்ல இருந்து கடைக்கு வாற வழில ரோட்டுல வழுக்கிட்டுன்னு சொல்லிரு. கடைக்குள்ளன்னு சொன்னா ஆபீசரு, விசாரணைன்னு ஒரே பிக்கலு. ஆடித் தள்ளுபடி வேற வருது."

நாங்கள் கடைக்கு வருவது ஒன்பது மணிக்கு. ஒன்பது மணிக்கு விழுந்தவள் பதினொரு மணிக்கு ஏன் ஆஸ்பத்திரிக்கு வருகிறாள் என்று அவருக்கே தோன்றியிருக்க வேண்டும்.

"ரெண்டு மணி நேரம் வலியப் பொறுத்துக்கிட்டு வேலை பாத்தான்னு நான் சொல்லிக்கிடுதேன். கேக்கவும் நல்லாருக்கும்."

இ.எஸ்.ஐ. ஆஸ்பத்திரியில் டாக்டர் என்னைப் பார்த்துத்தான் கேட்டார். அண்ணாச்சி பதில் சொன்னார். நான் தலையாட்டினேன். எனக்கு நன்றாக வருவது அதுதான். மணிக்கட்டில் எலும்பு விட்டிருக்கிறதாம். ஆறு வாரம் கட்டு.

திரும்பும்போது இளநீரும் கால் கிலோ அல்வாவும் வாங்கிக் கொடுத்தார். அல்வாவை ஜெபாதான் முக்கால்வாசி தின்றாள்.

"ரோட்டுலயா? ஏட்டி, காலைல முப்பது பேரு ரெண்டு ரெண்டு பேரா வரிசையா போறோம். முன்னால ஒரு வாட்ச்மேன், பின்னால ஒரு வாட்ச்மேன். அவ்வளவு பேரு கண்ணு முன்னால நீ விழுந்திருக்க, ஒருத்தியும் பாக்கல. நல்ல கூட்டம்."

ஜூலை 7, திங்கள்

பகலில் ஹாஸ்டலில் நான் மட்டும். மின்விசிறி முழுவதும் எனக்கே. ஒரு கையால் தலை பின்ன முடியாது என்று இன்று கண்டுபிடித்தேன். ஒரு கையால் வாழைப்பழம் உரிக்கலாம், பல் உதவினால்.

அம்மா போன் செய்தாள். ஊரில் பீடி சுற்றுகிறாள். நானும் பதினொன்றாம் வகுப்பில் பாதியில் நின்று இரண்டு வருடம் அவளோடு சுற்றினேன். யாரோடும் பேச வேண்டாத வேலை, எனக்குப் பிடித்துத்தான் இருந்தது. ஆனால் இருமல் விடவில்லை. அதனால்தான் இங்கே அனுப்பினாள்.

"எப்படிளா விழுந்த?"

"வர்ற வழில."

அம்மாவிடமும் அதையே சொன்னேன். ஒரு தடவை சொன்னால் பழகிவிடுகிறது.

"வர்ற வழின்னா இ.எஸ்.ஐ. காசு ஒண்ணும் கிடைக்காதாமே. நம்ம கோமு மகன் சொல்லுதான். மிஷின்ல கைய விட்டாத்தான் கிடைக்குமாம். நீ சேந்தும் மூணு மாசந்தான் ஆவுது. ஆறு வாரத்துக்கு என்ன செய்ய?"

நான் அனுப்புவதில்தான் வீட்டு அரிசி. அவள் அதைச் சொல்லவில்லை. இருமினாள்.

ஜூலை 9, புதன்

இன்று இ.எஸ்.ஐ. கிளை அலுவலகத்துக்குத் தனியாகப் போனேன். ஜெபாதான் தள்ளிவிட்டாள். "நீ கேக்காண்டாம், போய் நில்லு. கட்டப் பாத்து அவங்களே கேப்பாங்க."

பெஞ்சு நிறைய ஆட்கள், ஆளுக்கொரு சட்டம். விரல் நசுங்கிய மில்காரர் ஒருவர், "வலது கைன்னா கூட, இடது கைன்னா பாதி," என்றார். இன்னொருவர், "ரத்தம் வந்தாத்தான் விபத்து, வீக்கம்னா வியாதி," என்றார். என் கட்டைப் பார்த்து, "ரத்தம் வந்துச்சா?" என்று கேட்டார். இல்லை என்று தலையாட்டியதும் ரொம்ப வருத்தப்பட்டார்.

என்னைக் கூப்பிட்ட அதிகாரி பெயர் மும்தாஜ் மேடம். மேசையில் ஒரு சில்வர் டப்பா, அதில் பொரிகடலை. பேசும்போதே தின்கிறார்.

"எங்க விழுந்த?"

"வர்ற வழில."

"வீட்டுல இருந்து வேலைக்கா?"

"ஹாஸ்டல்ல இருந்து."

"ரெண்டும் ஒண்ணுதான். வேலைக்கு வாற வழி, போற வழி எல்லாம் வேலைல சேத்திதான். வேலையில அடிபட்டதாத்தான் எழுதுவோம்."

நான் பொரிகடலை டப்பாவையே பார்த்துக்கொண்டு நின்றேன். காது கேட்கவில்லையோ என்று அவர் சத்தத்தைக் கூட்டினார்.

"பணம் வரும்மா. டாக்டர் லீவு எழுதின நாளுக்கெல்லாம், சம்பளத்துல பெரும்பகுதி. கை பிறகு சரியா திரும்பலன்னா அதுக்குத் தனியா மெடிக்கல் போர்டு இருக்கு, பாப்பாங்க."

"சேந்து மூணு மாசந்தான்."

"காய்ச்சல், வயித்துவலின்னாத்தான் இத்தன நாள் சந்தா கட்டிருக்கணும்னு கணக்கு. அடிபட்டா அது கிடையாது. சேந்த அன்னைக்கே விழுந்தாலும் உண்டு. கடைக்காரங்க விவரம் அனுப்பட்டும். நான் ஒரு நாள் வந்து எடத்தப் பாத்துட்டுப் போடுதேன்."

கிளம்ப வேண்டியதுதான். ஏனோ கிளம்பவில்லை.

"வேற எடத்துல விழுந்திருந்தா?"

"வேற எடம்னா?"

"கடைக்குள்ள."

"கடைக்குள்ளன்னா கேள்வியே இல்ல, இன்னும் சுலபம்." கடலை வாய்க்குப் போகாமல் நின்றது. "முதல்ல சொன்னது ஒண்ணு, பொறவு சொல்லுறது ஒண்ணுன்னு இருந்தாத்தான் இழுபறி. கடை ஒத்துக்கிடாது, ஆஸ்பத்திரில வேற எழுதிருக்கும், மாசக்கணக்கா நிக்கும். ஏன் கேக்குத?"

"சும்மா."

இவ்வளவு நேரம் ஒரு அதிகாரியோடு பேசியிருக்கிறேன். வெளியே வந்து ஒரு சர்பத் குடித்தேன்.

ஜூலை 10, வியாழன்

மேடம் சொன்னதை அண்ணாச்சியிடம் சொன்னேன். முதலில் முகம் கறுத்தது. வழியும் வேலையில் சேர்த்தி என்றால் விசாரணை உண்டே. பிறகு அவரே கணக்குப் போட்டுச் சிரித்தார்.

"ரோட்டப் பாத்துட்டுத்தானே போவாங்க. மாடிக்கு எதுக்கு வாறாங்க? நான் வாய்க்கு வந்ததச் சொன்னேன், அதுவே உனக்குப் பணமா வருது பாரு. இனிமே மாத்திச் சொல்லிராத என்ன, எல்லாம் கெட்டுப் போவும்."

அப்புறம் அவர் சொன்னதை நான் எதிர்பார்க்கவில்லை. பெயர் வெட்டுகிற ராமையா அண்ணன் ஆவணியில் மும்பைக்கு மகனிடம் போகிறாராம். கட்டுப் பிரித்ததும் அந்த இடம் எனக்காம்.

பாத்திரம் வாங்கினால் பெயர் வெட்டித் தருவோம். அதற்கு ஒரு சின்ன மிஷின், ஒரு மேசை, ஒரு ஸ்டூல். கடையில் உட்கார்ந்து செய்கிற வேலை அது ஒன்றுதான். மற்றவர்கள் காலை முதல் இரவு வரை நிற்க வேண்டும். அதோடு யாரிடமும் பேச வேண்டாம். சீட்டில் எழுதித் தருவதைப் பார்த்து வெட்டினால் போதும்.

அதைப்பற்றி நான் ஒன்றும் நினைக்கவில்லை. என் சாப்பாட்டு டப்பா மூடியில் பென்சிலால் "உலகம்மாள்" என்று பத்துவிதமாக எழுதிப் பார்த்தேன். "ள்" தான் இடம் கேட்கிறது.

ஜூலை 12, சனி

கடைக்குப் போய் ராமையா அண்ணன் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்கார்ந்தேன். ஒரு பழைய தட்டைக் கொடுத்து வெட்டச் சொன்னார். மிஷின் கைக்குள் வண்டு மாதிரி உறுமுகிறது. "நேர்கோடு வரும் உனக்கு," என்றார். ஸ்டூலில் சின்ன மெத்தை வேறு உண்டு.

எதிரே ஏணி. கயிறு இப்போது சிவப்பு.

அதில் ஜெபா ஏறிக்கொண்டிருந்தாள். என் இடத்துக்கு அவளை மாற்றிவிட்டார்கள். மேலிருந்து என்னைப் பார்த்து ஒரு அகப்பையை ஆட்டினாள்.

"மேல காத்து நல்லா வருதுட்டி. உனக்கு ஏன் இறங்க மனசு வரலன்னு இப்பத்தான் தெரியுது."

எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவள் இறங்கி முடிக்கும்வரை ராமையா அண்ணன் சொன்னது எதுவும் காதில் விழவில்லை.

ஜூலை 14, திங்கள்

குளியலறையில் குழாயைத் திறந்துவிட்டு ஒரு வாக்கியத்தைச் சத்தமாகச் சொல்லிப் பார்த்தேன். எதற்கும் இல்லை. சும்மா.

ஜூலை 15, செவ்வாய்

இன்றும்.

ஜூலை 16, புதன்

ஜெபா ராத்திரிச் சாப்பாட்டுக்கு நொண்டிக்கொண்டு வந்தாள். முழங்காலுக்குக் கீழே நீளமாகத் தோல் வழன்றிருந்தது.

"ஏணியா?"

"கயிறு லேசா நழுவிச்சு. நான் தொங்கிக்கிட்டேன். கீழ நின்னவங்க கை தட்டினாங்க." மருந்தை ஊதிக்கொண்டே சொன்னாள். "அண்ணாச்சி உடனே மஞ்சக் கயிறு எடுத்துட்டு வந்து சிவப்பு மேலயே இன்னொரு கட்டுப் போட்டாரு. இப்ப ரெட்டைக் கட்டு. சினிமா சண்டைல தொங்குற கயிறு மாதிரி, ஒண்ணும் ஆவாது."

"ஏறாத."

"ஏறாட்டா அனுப்பிருவாங்க. எங்க அப்பாக்கு இருக்க ஒரே வரும்படி நான்தான், உனக்குத் தெரியாதா?" தெரியும். அவள் எப்போதும் சிரித்துக்கொண்டே சொல்வதால் மறந்துபோகிறது.

அவள் தூங்கிய பிறகு அண்ணாச்சிக்குப் போன் செய்தேன். நானாக அவருக்குப் போன் செய்வது இதுதான் முதல் தடவை. அவரும் பயந்துவிட்டார்.

"என்னம்மா, கை வலிக்குதா?"

"ஏணி," என்றேன்.

பின்னால் டி.வி. ஓடியது.

"ஆடி முடியட்டும் உலகு. புதுசு கேட்டா ஏன், என்னாச்சுன்னு மேலிடத்துல கேப்பாங்க. போன வருசம் மூணாம் மாடி மேனேஜர் இப்படி ஒண்ணு நடந்து வெளிய போனவருதான். எனக்கு ரெண்டு பொம்பளப் பிள்ள. படிக்குது. ஒரு மாசம் பொறு."

அவர் கெட்டவர் இல்லை. ஆட்டோவில் என் கையைத் தாங்கியது அவர்தான்.

ஜூலை 17, வியாழன்

ஆடி ஒன்று. கடை வாசலில் வாழைமரம், மேளம். மும்தாஜ் மேடம் நாளைக்கு வருகிறாராம்.

அதனால் அண்ணாச்சி காலையிலேயே ஹாஸ்டலுக்கு வந்து என்னைக் கூட்டிக்கொண்டு நான் எங்கே விழுந்தேன் என்று தேடக் கிளம்பினார்.

டீக்கடை முன்னால் நின்றோம். "இங்க வேண்டாம். இவன் வாயி சும்மா இருக்காது." நகைக்கடைக்கு வந்தோம். கேமரா. வங்கி. அங்கும் கேமரா. பிள்ளையார் கோயில் முன்னால் இடம் நன்றாக இருந்தது, கொஞ்சம் பாசிகூட இருந்தது. அண்ணாச்சி கன்னத்தில் போட்டுக்கொண்டார். "சாமி முன்னால விழுந்தான்னு சொல்லக் கூடாது. நல்லதில்ல." மருந்துக்கடை முன்னால் விழுந்தால், அங்கேயே ஏன் மருந்து போடவில்லை என்று கேட்பார்களாம்.

கடைசியில் சாக்கடைப் பலகை ஒன்று ஆடிக்கொண்டிருந்தது. அண்ணாச்சி ஒரு காலை வைத்து அழுத்திப் பார்த்தார். டக் டக் என்றது. முகம் மலர்ந்துவிட்டது.

"இங்க விழுந்திரு."

சரி என்று தலையாட்டினேன். அவர் குனிந்து அந்தப் பலகைக்கு அடியில் ஒரு கல்லைச் செருகினார். "நாளைக்கு மேடம் கால வச்சு அவங்களும் விழுந்துரக் கூடாதுல்லா."

அந்தக் கல்லைப் பார்த்துக்கொண்டே நின்றேன். எவ்வளவு கவனமாகச் செருகினார்.

ஹாஸ்டலுக்கு வந்து அம்மாவுக்குப் போன் செய்தேன். பணம் வந்தால் முதலில் டாக்டரிடம் போய் இருமலைக் காட்டு என்றேன். வராமல் தள்ளிப்போனால் என்ன செய்வாய் என்று கேட்டேன்.

"தள்ளிப் போனா போவட்டும், பீடி இருக்கு," என்றாள். "ஏன் கேக்க?"

"சும்மா."

"நீ சும்மான்னு சொன்னா சும்மா இருக்காதே."

குழாயைத் திறந்துவிட்டு அந்த வாக்கியத்தை நான்கு தடவை சொல்லிப் பார்த்தேன். நான்காவது தடவை வெளியில் யாரோ கதவைத் தட்டி, "யாரு கூடட்டி பேசுத?" என்றார்கள்.

ஜூலை 18, வெள்ளி

ஆடி வெள்ளி என்பதால் மாடியில் நிற்க இடமில்லை. என்னை வரச் சொல்லி ராமையா அண்ணன் ஸ்டூலுக்குப் பக்கத்தில் நிறுத்தியிருந்தார்கள். மும்தாஜ் மேடம் படியேறி வந்தார். கீழே லிஃப்டில் அவ்வளவு கூட்டமாம். வந்ததும் ஒரு குத்துவிளக்கைத் தட்டி விலை கேட்டார்.

"மேடம், மேல எதுக்கு ஏறி வந்தீங்க? எடம் ரோட்டுல. நான் கீழயே நிக்கேன்னு சொன்னேன்லா," என்று அண்ணாச்சி பின்னாலேயே ஓடி வந்தார். கையில் குடை.

"பிள்ள இங்கதானே இருக்கு. அதுட்ட கேக்கணும்லா." மேடம் என் பக்கம் திரும்பினார். "எங்கம்மா விழுந்த? வா, வந்து காட்டு."

வாக்கியம் வரவில்லை. அத்தனை நாள் சொல்லிப் பார்த்தது, முதல் எழுத்துகூட வரவில்லை. ராமையா அண்ணனின் மிஷின் யாரோ ஒருவர் பெயரை வெட்டிக்கொண்டிருந்தது. ஸ்டூல், மெத்தை எல்லாம் பக்கத்திலேயே இருந்தது. அண்ணாச்சி குடையை விரிப்பதற்குத் தயாராக நின்றார், மாடிக்குள்ளேயே.

"பயந்த சுபாவம் மேடம். வா உலகு, போவோம். அந்தப் பலகைக்கிட்டதான்," என்றார்.

அவர் படிக்கட்டுப் பக்கம் நடந்தார். நான் எதிர்ப்பக்கம் நடந்தேன்.

ஏணியில் ஜெபா இரண்டாவது படியில் நின்றுகொண்டு, மேலே எந்த அண்டா வேண்டும் என்று யாரையோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவள் முந்தானையைப் பிடித்து இழுத்தேன். "என்னட்டி?" என்றாள். என் முகத்தைப் பார்த்து இறங்கிவிட்டாள்.

அண்ணாச்சி "உலகு" என்று கூப்பிட்டார். சத்தமாக இல்லை.

மூன்றாவது படிக்கு முன்னால் முட்டி போட்டு உட்கார்ந்தேன். மஞ்சள் முடிச்சு சுலபமாக வந்தது. சிவப்பு இறுகியிருந்தது. ஒரு கையால் முடியாததால் பல்லால் கடித்து இழுத்தேன். அதுவும் வந்தது. அடியில், சட்டத்தோடு ஒட்டிப்போய், அறுந்த நீலத் துணுக்கு ஒன்று இருந்தது. அதையும் பிய்த்தேன்.

மறுபக்கத் துளையிலிருந்து படியை உருவி எடுத்துக் கொண்டுபோய் மேடத்தின் கையில் கொடுத்தேன்.